ஒன்று பத்துக்கு உள்ளே போனவர்

— வாசிக்கிறேன் சார். "1999 ஆகஸ்ட் 12, வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டரை. இடம்: தம்பானூர் கிளை, கம்ப்யூட்டர் அறை. பெரிய மேஜைக்குப் பின்னால் மேனேஜர் திரு. ராமசுப்ரமணியன். அவருக்கு எதிரே, பிரின்டருக்குப் பக்கத்தில், குற்றம் சாட்டப்பட்ட புரோகிராமர் திரு. ராஜையன். கதவோரத்து ஸ்டூலில், குறிப்பெழுதும் விஜயலக்ஷ்மி."

— பேஷ், விஜயலக்ஷ்மி. மேலே எழுது. நம்ம டிரஸ்ட் நடத்தின நர்சிங் பரீட்சையிலே தோத்த பதினேழு பேர் பாஸாயிருக்கா. மார்க்கை மாத்தினது ராஜையன் பேர்லே உள்ளே போன ஆசாமி. என்னங்காணும், உண்டா இல்லையா?

— பேரு எனக்க பேருதான் சார். ஆளு நான் இல்ல.

— பேர் மட்டும் தனியா எழுந்து நடந்து போச்சாக்கும்!

— அப்படித்தான் சார் தெனமும் போவுது. ஒண்ணு பத்துக்கு, நாம சோறு திங்கப் போற நேரத்துல, ஸ்கிரிப்ட்னு நான் எழுதி வச்ச குட்டிப் புரோகிராம் தன்னால ஓடும். நாகர்கோவில் மெஷின்ல கேறி மார்க்கைக் கொண்டு சேர்க்கும். அந்த மெஷின் பாஸ்வேர்டு கேக்கும் அல்லே? ஆளு இருந்தா அடிச்சுக் குடுக்கலாம். ஆளில்லாத நேரம் யாரு குடுக்க? அதனால ஒரு ஃபைல்ல எழுதி வச்சேன். ஸ்கிரிப்ட் அதைப் பாத்து எடுத்துக் குடுக்கும்.

— பாஸ்வேர்டை அப்படியே எழுதியா வச்சீங்க ராஜையன்?

— அப்படியேதான் மேடம். அது எனக்க தப்பு. ஆனா ஃபைலு பூட்டித்தான் இருக்கு. என்னை விட்டா, மெஷினுக்க மொத்தச் சாவியும் கையில இருக்கப்பட்ட ஆளுதான் தொறக்க முடியும். அது மேனேஜர் சாராக்கும்.

— ஓய்! நாக்கை அளந்து பேசும். நமக்கு மெயில் பாக்கறதே பெரும்பாடு. அந்த ஃபைல் எந்த மூலையிலே கிடக்குன்னுகூட எனக்குத் தெரியாது. எழுதிண்டியா?

— "அந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்பது மேனேஜருக்குத் தெரியாது. அவர் அதை ஒருநாளும் திறந்ததில்லை." எழுதிட்டேன் சார். காலையில நடந்ததையும் சேர்த்திருக்கேன்.

— வாசி, கேப்போம்.

— "காலை பத்து மணிக்கு, நாகர்கோவில் மெஷினுக்கான ராஜையனின் பாஸ்வேர்டை மேனேஜர் தம் கையால் மாற்றினார். புதியதை ஒரு தாளில் எழுதி, வழக்கம்போல் கவரில் போட்டு, அரக்கு வைத்து, தம் இழுப்பறையில் பூட்டினார். வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. ராஜையன் அப்போதிலிருந்து எந்தக் கம்ப்யூட்டரையும் தொடவில்லை. என் கண் முன்னாலேயே இருந்தார்."

— கச்சிதம். உன் எழுத்திலே ஒரு ஓட்டை கிடையாது.

— சார், விசாரணை முடியற வரைக்கும் மார்க் அனுப்பறதை நிறுத்தி வைக்கலாமா?

— அது மட்டும் கூடாது. பாக்கி மார்க்கெல்லாம் இன்னிக்கே போயாகணும். சனிக்கிழமை ரிசல்ட்.

— சார், எனக்க தங்கச்சி ஜெஸி நர்ஸாக்கும். மருந்துக்க அளவு தெரியாதவ கையில ஊசியைக் குடுத்தா என்ன ஆவும்னு அவளைக் கேட்டா சொல்லுவா. அந்தப் பதினேழு பேரும் அடுத்த மாசம் ஆஸ்பத்திரியில கேறுவாங்க. என்னை வெளியில தள்ளியாச்சுன்னா, பின்னே யாரு தேடப் போறாங்க?

— அதையெல்லாம் நாங்க பாத்துக்கறோம். இங்கே ஒரு கையெழுத்துப் போடும். ஒத்துண்டா வேலை மட்டும்தான் போகும். இல்லேன்னா போலீஸ். தங்கைக்கு இன்னும் கல்யாணம் ஆகலையே ஓய்!

— செய்யாத காரியத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் சார். போலீஸை விளிங்க.

— திமிரைப் பாரு. மறுத்தார்னு எழுதி மூடு, விஜயலக்ஷ்மி... அது என்ன சத்தம்?

— பிரின்டர் சார். மணி ஒண்ணு பத்து. நாகர்கோவில் மெஷினுக்குள்ளே யார் போனாலும் இங்கே ஒரு வரி அடிக்கும்.

— கிழிச்சு வாசி.

— "ராஜையன். பாஸ்வேர்டு சரி. உள்ளே அனுமதிக்கப்பட்டார்."

— பாத்தியா! எதிரே உக்காந்துண்டே உள்ளே போறார் மனுஷன்! இதைவிட என்ன சாட்சி வேணும்? அதையும் சேர்த்து வை.

— இணைப்புன்னு போட்டுடறேன் சார். நீங்க ஒரு கையெழுத்து.

— இந்தா. ஒட்டு. அரக்கை இங்கே கொண்டா, முத்திரையை நானே வைக்கறேன். எங்கே நம்ம பியூன்? உலகம்மை! ஆட்டோ பிடிச்சு ஆர்.எம்.எஸ். தபாலாபீஸுக்குப் போ. ஸ்பீட் போஸ்ட். டிரஸ்ட் தலைவர் கையிலேதான் பிரியணும்.

— உலகம்மை ஆட்டோவுல ஏறிட்டா சார். ஆட்டோ தெருமுனை திரும்பியாச்சு.

— அப்பாடா. என்ன ராஜையன், வாயடைச்சுப் போச்சா?

— இல்ல சார். ஸ்கிரிப்ட் இன்னைக்கு உள்ள போவ முடியாம வாசல்லயே நிக்கும்னு காத்துட்டு இருந்தேன். பழைய பாஸ்வேர்டு செத்தாச்சே. புதுசு ஒண்ணு வந்தா, ஃபைலைத் தொறந்து யாராவது எழுதி வைக்கணும். அதுக்குத் தன்னால தெரியாது. உங்க இழுப்பறையில அரக்கு வச்சுக் கெடக்கிற பாஸ்வேர்டை, சார், அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?