ஏரம்புவின்ரை முதுகு

ஓம் டொக்டர், அறுபத்தெட்டுத்தான். ஆறும் எட்டும் இடம் மாறேல்லை, நீங்கள் சரியாத்தான் வாசிச்சிருக்கிறியள். இந்த வயசிலை மோட்டச்சைக்கிள் லைசென்ஸ் என்னத்துக்கு எண்டு கேக்கிறியள். வெளியிலை பேர் பதியிற பெடியனும் அதைத்தான் கேட்டவன். ஓட்டோ பிடிச்சுப் போகலாமே ஐயா எண்டான். நான் உலகத்தைச் சுத்தப் போறன் தம்பி, ஓட்டோக்காரன் வரமாட்டானாம் எண்டன். விழுந்து விழுந்து சிரிச்சவன். நீங்களும் சிரியுங்கோ, எனக்குப் பழகிப்போச்சு.

இடக்கண்ணை மூடட்டோ? சரி. முதல் எழுத்து ஈ. உவ்வளவு பெரிசா எழுதி வைச்சால் குருடனும் வாசிப்பானே. சரி சரி, அந்தச் சொல்லு வேண்டாம். கதவு சாத்தித்தானே இருக்கு? அடுத்த வரி எஃப், பீ.

இல்லை டொக்டர், பகிடி விடேல்லை. உண்மையாத்தான் போறம். இது ரெண்டாந்தரம். முதல்தரம் எழுபத்தேழிலை வெளிக்கிட்டு எண்பதிலை வந்து சேந்தனாங்கள். நானும், வெளியிலை கதிரையிலை கறுப்புக் கண்ணாடியோடை, ஹெல்மெட்டை மடியிலை வைச்சுக்கொண்டு நடிகர் மாதிரி ஒருத்தர் இருக்கிறாரே, அவரும். ஏரம்பு. கோப்பாய் ஆள். நான் குருநகர். அவன்ரை தேப்பன் வாழைத்தோட்டத்துக்குப் போய்வர வாங்கி வைச்ச மோட்டச்சைக்கிளைத்தான் கொண்டு போனது. தேப்பனுக்குச் சொன்னது, திருகோணமலைக்குப் போட்டு வாறம் எண்டு. அது பொய் எண்டும் சொல்லேலாது. மூண்டு வருசத்தாலை திரும்பி வரேக்கை கப்பல் எங்களை அங்கைதான் இறக்கி விட்டது.

ஓட்டினது முழுக்க அவன்தான். எனக்கு ஓடத் தெரியாது. எங்கடை வீட்டிலை வள்ளம் இருந்தது, றோட்டிலை ஓடுற சாமான் ஒண்டும் இருக்கேல்லை. நான் பின்னுக்கு. சாமான் கட்டுறது, ரியூப்புக்கு ஒட்டுப் போடுறது, மழை வந்தால் சேந்து நனையிறது, இதுதான் என்ரை உத்தியோகம்.

உலகம் சுத்தின மனுசன் எண்டால் கனக்கக் கண்டிருப்பார் எண்டு நினைப்பியள். நீங்கள் அந்த நாளையிலை ஏரம்புவைக் காணேல்லை. வாசல் படலை மாதிரி ஆள், அவ்வளவு அகலம். பின்னுக்கு இருந்த எனக்குத் தெரிஞ்சது அந்தப் படலை மட்டும்தான். துருக்கி எண்டால் எனக்கு அவன்ரை மண்ணிறச் சேட். இத்தாலி எண்டால் அதே சேட், தோளடி கிழிஞ்சது. ஜேர்மனியிலை குளிர் எண்டு சேட்டுக்கு மேலை ஒரு கோட்டுப் போட்டவன். அதுதான் நான் ஜேர்மனியிலை கண்ட புதினம்.

முன்னுக்கிருந்து, டேய் சிமியோன், அங்கை பார் எண்டு கத்துவான். நான் கழுத்தை நீட்டிப் பாக்கிறதுக்கிடையிலை அது போயிடும். மலையோ, மாளிகையோ, ஒட்டகமோ, ஒண்டும் தெரியாது. நிப்பாட்டடா, நானும் ஒருக்காப் பாப்பம் எண்டால், வரேக்கை பாப்பம் எண்டுவான். எல்லா இடத்திலையும் அந்த ஒரு கதைதான், வரேக்கை பாப்பம். உலகத்தைச் சுத்திப் போறவன் எப்பிடி டொக்டர் போன வழியாலை திரும்பி வருவான்? எனக்கு இது விளங்கேக்கை பாதி உலகம் முடிஞ்சு போச்சு.

வந்து இறங்கின உடனை பேப்பரிலை போட்டாங்கள். கோப்பாய் இளைஞர் மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றி வந்தார், உடன் நண்பர் ஒருவரும் சென்றார். அந்த நண்பர் ஒருவர்தான் உங்களுக்கு முன்னாலை ஒரு கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறது. என்ரை மனுசி மக்டலீனுக்கு இண்டைக்கும் கோவம் வந்தால், நண்பர் ஒருவருக்குச் சாப்பாடு வேணுமோ எண்டுதான் கேப்பா.

மற்றக் கண்ணோ? சரி, மூடிட்டன்.

இதைவிடப் பெரிய கூத்து என்னெண்டால், நாங்கள் வந்து மூண்டு வருசத்திலை நாட்டிலை சண்டை எல்லாம் தொடங்கிட்டுது. பிறகு எங்கடை சனம் காணியை வித்து, நகையை வித்து, ஏஜென்சிக்காரன்ரை காலிலை விழுந்து ஒரு நாட்டுக்கெண்டாலும் போய்ச் சேரப் பாடுபட்டதுகள். நாங்கள் அந்த நாடெல்லாத்துக்கும் போய், நல்லா இருக்கு எண்டு சொல்லிப்போட்டு, திரும்பி வந்த ஆக்கள். ஒரு இடத்திலையாவது இறங்கி நிண்டிருந்தால் இண்டைக்கு நான் கனடாவிலை பனி அள்ளிக்கொண்டு சந்தோசமா இருந்திருப்பன். என்ரை அண்ணை சாகுமட்டும் இதைச் சொல்லிச் சொல்லி ஏசினவர். பிறகு உலகம் சுத்தின ரெண்டு பேரும் குருநகரிலை இருந்து கோப்பாய்க்குப் போக இறங்கி நிண்டு ஆமிக்காரனுக்கு அடையாள அட்டை காட்டினம். அதுவும் ஒரு எல்லைதானே எண்டு ஏரம்பு சொல்லுவான். அவனுக்கு எல்லாம் பகிடி.

இப்ப ஏன் திரும்பவும் எண்டோ? என்னைக் கேட்டால்? போன நல்லூர்த் திருவிழா முடிஞ்சு கொஞ்சநாளிலை ஏரம்பு ஐயா ஓட்டோவிலை வந்து என்ரை வாசலிலை இறங்கினார். தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு, இன்னொருக்காப் போகவேணும் சிமியோன் எண்டார், சந்தைக்குப் போறமாதிரி. நான் சொன்னன், உன்ரை முதுகு இப்ப கூனிப்போச்சு, எனக்கு மேலாலை எல்லாம் தெரியும், வாறன் எண்டு. அவன் இல்லை எண்டான். இந்தமுறை நீ முன்னுக்கு, நான் பின்னுக்கு எண்டான். நாப்பத்தைஞ்சு வருசத்துக்குப் பிறகெண்டாலும் ஆளுக்கு நியாயம் பிடிபட்டிருக்கு எண்டு வெளியிலை சொல்லித் திரிஞ்சனான்.

அவன்ரை மகன் சுதாகரன் கனடாவிலை. வீடியோவிலை வந்து ரெண்டு பேரையும் சேத்துவைச்சு ஏசினவன். வழியிலை இருக்கிற நாடெல்லாம் சண்டையாம். எங்களுக்கென்ன, நாங்கள் பழகின ஆக்கள்தானே. மக்டலீன் கோயிலுக்குப் போய் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொழுத்தினவா. நாங்கள் போகவேணும் எண்டு கொழுத்தினவாவோ, போகக்கூடாதெண்டு கொழுத்தினவாவோ, அது அவவுக்கும் அந்தோனியாருக்கும்தான் தெரியும்.

பழகிறனான், பழகாமல் என்ன. கோப்பாயிலை தோட்டத்துக்கு நடுவாலை போற ஒழுங்கையிலைதான். பின்னுக்கிருந்து ஏரம்புதான் சொல்லித் தாறான். எஞ்சின் சத்தத்தை வைச்சே நான் எந்தக் கியரிலை போறன் எண்டு சொல்லுவான். பிழையெண்டால் முதுகிலை ஒரு குத்து. நான் மூண்டு வருசம் அவன்ரை முதுகைப் பாத்ததுக்கு அவன் ஒரு மாதமா என்ரை முதுகிலை குத்துறான். போன கிழமை ஒரு நாய் குறுக்கை வந்திட்டுது, ரெண்டு பேரும் போய் ஆரோ ஒருத்தன்ரை தோட்டத்துக்குள்ளை விழுந்தம். கிடந்தபடி கேக்கிறான், சிமியோன், எங்கை விழுந்திருக்கிறம் எண்டு. வெங்காயத்துக்குள்ளை எண்டன். ஓம், மணக்குது எண்டான். தோட்டக்காரன் வந்து பாத்தால் ரெண்டு கிழவங்கள் வெங்காயத்துக்குள்ளை கிடந்து சிரிக்கினம். அவன் என்னத்தைச் சொல்லுவான், பாவம்.

கடைசி வரியோ? பொறுங்கோ. சீ... இல்லை, ஓ. பிறகு ஒரு டீ. அதுக்கு அங்காலை ஏதோ எறும்பு ஊருது.

உப்பிடித் தலையை ஆட்டாதேங்கோ டொக்டர். மேல் வரியெல்லாம் தண்ணி மாதிரிச் சொன்னனான். கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தால் போதாதே? ஆஸ்பத்திரியிலை புரை எடுக்கவேணும் எண்டால் நாளைக்கே படுக்கிறன். இந்த வயசுக்கு இது போதும், காணும் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. எனக்குக் காணாது. எனக்கு எல்லாம் வடிவாத் தெரியவேணும்.

ஆரை, அவனையோ? நேரம் இருக்கு, அவரையும் கூப்பிடுங்கோ, அவரின்ரை கண்ணையும் சேத்துப் பாத்துவிடுறன் எண்டோ? நல்ல மனம் பிள்ளை உங்களுக்கு. அவனிட்டைப் பாக்க ஒண்டும் இல்லை. அவனைக் கூப்பிட்டால் இந்தக் கதவு எந்தப் பக்கம் எண்டு முதல் நான் போய்ச் சொல்லவேணும். ரத்தத்திலை சீனி கூடின வருத்தம். ஒரு கண் முந்தியே போச்சுது, மற்றது போன வருசம். அந்தக் கறுப்புக் கண்ணாடி நடிக்கிறதுக்கில்லை. நான்தான் கையிலை பிடிச்சுக் கூட்டிவந்து அந்தக் கதிரையிலை இருத்தினனான்.

நல்லூர்த் தேர் அண்டைக்குத்தான் கடைசியா ஏதோ கொஞ்சம் தெரிஞ்சதாம். சனம் நெரிஞ்சதிலை தேர் தெரியேல்லை, முன்னுக்கு நிண்ட ஆரோ ஒருத்தன்ரை முதுகுதான் தெரிஞ்சதாம். அண்டைக்குத்தான் அவனுக்கு என்ரை நினைவு வந்ததாம். ஓட்டோவிலை வந்தான் எண்டு சொன்னனெல்லோ, வந்து இருந்து அவன் சொன்னது உதுதான். அப்ப நான் பாத்தனான், நீ பாக்கேல்லை. இப்ப நீ பார். பாத்து எனக்குச் சொல்லு.

நான் அழுதிட்டன் பிள்ளை. அவனுக்கு முன்னாலை இருந்தபடியே வடிவா அழுதனான், அவனுக்குத் தெரியாதுதானே. பிறகு மூக்கை உறிஞ்சினது கேட்டிருக்கு, தடிமனோ, சளியோ எண்டு கேட்டான். ஓம் எண்டன்.

உலகம் சுத்துவமோ எண்டு எனக்கென்ன தெரியும். இந்தியாவைத் தாண்டினாலே பெரிய காரியம். இஞ்சை கிட்ட இருக்கிற ஆனையிறவோடை கூட நிண்டுபோகலாம். எங்கை மட்டும் போறமோ, அங்கை மட்டும் நான் நிப்பாட்டி நிப்பாட்டி அவனுக்கு எல்லாம் சொல்லுவன். வரேக்கை பாப்பம் எண்டு மட்டும் சொல்லமாட்டன்.

அந்தக் கடைசி வரியை இன்னொருக்கா வாசிக்கட்டோ? கதவைக் கொஞ்சம் திறந்து விடுங்கோ பிள்ளை. சத்தமா வாசிக்கிறன், அவனுக்கும் கேக்கட்டும்.