மூக்கு பதிஞ்ச ரொட்டி

இல்லல்ல, முட்டையை அப்படிப் பாத்துக்கிட்டே இருந்தா உடையாது. கிண்ணத்து விளிம்புல ஒரே தட்டு, அவ்ளோதான். நீங்க என்னடான்னா வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாக்கறீங்க. பவர் எவ்ளோன்னு உள்ள எழுதியா வச்சிருக்கு? தட்டுங்க கண்ணாடிக்காரரே. ஆங், அப்படித்தான். ஓடு விழுந்துடுச்சா? விழட்டும், ஸ்பூனால எடுத்துடலாம். அதுக்குப் போய் சாரி எல்லாம் சொல்லாதீங்க, கேட்டுக்கிற நிலைமையில முட்டை இல்ல.

மணி என்ன? பத்தே காலா? பதினொண்ணுக்கு வந்துடுவா என் பொண்ணு. ஏன், அதுக்குள்ள கையைத் துடைக்க ஆரம்பிச்சுட்டீங்க? அதுவும் லென்ஸ் துடைக்கிற துணியால. அங்க டவல் தொங்குது பாருங்க. பயமா இருக்கா? இருக்கட்டும், தப்பில்ல. எங்க ரத்த டெஸ்ட் லேப்ல எல்லாரும் அவளை ஹெட் ஆபீஸ்னுதான் சொல்லுவாங்க. நான் லீவு போடறதுல இருந்து தலைக்கு டை அடிக்கிற வரைக்கும் அங்கேருந்து ஓகே வந்தாத்தான். நாலு மாசம் முன்னாடி நீங்க கேட்டீங்களே, நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாமான்னு. அன்னைக்கும் அதைத்தானே சொன்னேன், ஹெட் ஆபீஸ்ல கேக்கணும்னு? அம்பத்தி மூணு வயசுல எடுக்கிற முடிவு, கேக்காம முடியுமா? இன்னைக்கு மேடம் நேர்லயே வர்றாங்க. அதனாலதான் டோஸ்ட்டை நீங்களே பண்ணுங்கன்னு சொன்னேன். அவ ஒரு வாய் சாப்பிட்டுட்டு ஆளையே எடை போட்டுடுவா.

சரி, ரொட்டியை எடுங்க. பழைய ரொட்டியாத்தானே கொண்டு வந்திருக்கீங்க? புதுசுன்னா பாலைக் குடிச்சிட்டுக் கூழாயிடும். ரெண்டு நாள் காஞ்சிருக்கணும்னு அதுக்குத்தான் சொன்னேன்.

என்னங்க இது?

இல்ல, சிரிக்கல. இருங்க, சிரிக்கவே இல்ல. ஒவ்வொரு துண்டுலயும் நடுவுல ஒரு பள்ளம் இருக்கே, எப்படி வந்துச்சு? எது மேல காய வச்சீங்க? கண்ணாடி மாட்டி வைக்கிற ஸ்டாண்ட் மேலயா? அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் மூக்கு இருக்குமே, அது மேலயா? அய்யோ சாமி. எட்டு ரொட்டி, எட்டு மூக்கு. கடை ஷோகேஸ்லயே ரெண்டு நாள் உக்காந்திருந்துச்சா? ஃபேன் வேற போட்டீங்களா? வர்றவங்க ஒண்ணும் கேக்கலையா? ஒரு அம்மா கேட்டாங்களா, இது என்ன புது மாடலான்னு? நீங்க என்ன சொன்னீங்க? விக்கிறதுக்கு இல்லன்னு சொன்னீங்களாக்கும். நல்லா சொன்னீங்க போங்க.

பேக்கரியிலயே பழசு கேட்டிருக்கலாமே. கேட்டீங்களா? அந்த ஆளுக்குக் கோவம் வந்துடுச்சா? வராதா பின்ன? காலையில ஆறு மணிக்கு அடுப்புல இருந்து இறக்கி வச்சவரைப் போய் பழசு இருக்கான்னு கேட்டா கொஞ்சுவாரா? அப்புறம் அவர் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு புதுசாவே ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வந்தீங்க. அதானே. உங்களைப் பத்தித் தெரியாதா எனக்கு.

பால் ஊத்துங்க. போதும், போதும். பட்டைத்தூள் ஒரு சிட்டிகை. உப்பு அதைவிடக் கம்மி. சக்கரை டப்பாவை ஏன் பாக்கறீங்க? மூடி வைங்க அதை. உங்க சுகர் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடறவ நானு. அவளுக்கு வேணும்னா மேல தேன் ஊத்திக்குவா. உங்களுக்கும் எனக்கும் வாழைப்பழம் நாலு வில்லை, அதோட சரி. முகத்தை அப்படி வச்சிக்காதீங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே கண்டிஷனான்னு முனகறது காதுல விழுது.

இப்ப முக்குங்க. இந்தப் பக்கம் பத்து எண்ணுங்க, அந்தப் பக்கம் பத்து. எட்டு, ஒம்போது, பத்து, எடுங்க. எடுங்கங்கறேன்ல! கண்ணாடியைத் தண்ணியில ஊறப் போட்டுட்டு கஸ்டமர்கிட்ட கதை பேசற மாதிரி இல்ல இது. சரி, அது பிஞ்சிடுச்சு, ஓரமா வைங்க, நான் தின்னுக்கறேன். அடுத்தது. வெண்ணெய் உருகி நுரை அடங்கினதும் போடணும். தீயைக் குறைங்க, இன்னும். இப்பக் கை எடுத்துட்டு சும்மா நில்லுங்க. சும்மா நிக்கிறதுதான் இதுல கஷ்டமான வேலை, நானே ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் கத்துக்கிட்டேன்.

ஆமா, ரெண்டு வருஷம். ஞாயித்துக்கிழமை இதைப் பண்ற பழக்கமே அவ அப்பா போன பிறகு வந்ததுதான். அவர் இருந்தவரைக்கும் ஏழு மணிக்கு டிபன் மேஜை மேல இருக்கணும். அதுக்கப்புறம் ஏழு மணிக்கு எழுந்து என்ன பண்றதுன்னு தெரியல எங்களுக்கு. படுத்தே கிடப்போம். பத்து மணிக்கு மேல அவ வந்து, அம்மா பசிக்குதும்பா. அந்த நேரத்துக்கு டிபனும் கிடையாது, மத்தியானச் சாப்பாடும் கிடையாது. முட்டையும் காஞ்ச ரொட்டியும் இருக்கும். அப்படி ஆரம்பிச்சதுதான். இதுக்கு பிரெஞ்ச் டோஸ்ட்னு பேரு இருக்குன்னு பொண்ணு அப்புறமாக் கண்டுபிடிச்சு வந்து சொன்னா. பேரு தெரிஞ்சதும் எங்க ரெண்டு பேருக்கும் ஒரே பெருமை. ஒம்போது வருஷமாச்சு, வேலை கிடைச்சு ஊருக்கு அந்தப் பக்கம் குடி போன பிறகும் ஒரு ஞாயித்துக்கிழமை விட்டதில்ல அவ.

திருப்புங்க, திருப்புங்க! கதை கேட்டு நின்னுட்டீங்களே. பரவால்ல, ஒரு பக்கம் கொஞ்சம் கறுப்பு. அதைக் கீழ வச்சுப் பரிமாறிடலாம், மேல பாத்தா தங்கம். மூக்குப் பள்ளத்துல மட்டும் வெள்ளையா நிக்குது பாருங்க, வெண்ணெய் அங்க எட்டல. முகத்துல பவுடர் போட்ட மாதிரி இருக்கு.

இல்லங்க, அவ பொல்லாதவ எல்லாம் இல்ல. கேள்வி கேப்பா, அவ்ளோதான். நம்ம ரெண்டு பேரும் எப்படிப் பழக்கம்னு கேப்பா. நீங்க பாட்டுக்கு உண்மையைச் சொல்லிடாதீங்க. மாசாந்திர சுகர் டெஸ்டுக்கு வந்து, ஊசியைப் பாத்ததும் நாற்காலியோட சரிஞ்சு, என் மடியில தலை வச்சுப் படுத்தவர்னு சொன்னா மரியாதையாவா இருக்கும்? கண்ணு முழிச்சதும் முதல் வார்த்தையா என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா? மேடம், உங்க கண்ணாடி இடது பக்கம் சரிஞ்சிருக்கு, கடைக்கு வாங்க, சரி பண்ணித் தர்றேன்னு. மயக்கத்துல கிடக்கிற ஆளு பேசற பேச்சா அது?

என்ன, அவ வேண்டாம்னு சொல்லிட்டான்னாவா?

சொல்லிட்டான்னா நீங்க கிளம்பிப் போயிடுவீங்களாக்கும். மறுபடி தொந்தரவு பண்ண மாட்டீங்க. ஆனா மாசாமாசம் டெஸ்டுக்கு மட்டும் வருவீங்க. இதையும் யோசிச்சு வச்சிட்டுத்தான் வந்திருக்கீங்க. ம்.

அடுப்பைக் கொஞ்சம் அணைங்க. இல்ல, தீயல. சும்மா அணைங்க.

நான் லேப்ல ஏன் வளவளன்னு பேசறேன்னு ஒரு நாள் கேட்டீங்க இல்ல? எந்த ஸ்கூல்ல படிச்சீங்க, வீட்டுல எத்தனை பேருன்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். அவங்க பதில் யோசிக்கறதுக்குள்ள ஊசி உள்ள போய் வெளிய வந்திருக்கும். இன்னைக்கு காலையில இருந்து அதைத்தான் பண்ணிக்கிட்டு இருக்கேன். ஆனா உங்களுக்கு இல்ல, எனக்கு.

மூணு வாரம் முன்னாடி உங்க கடைக்கு ஒரு பொண்ணு வந்துச்சே. இருபத்தி மூணு ஃபிரேம் போட்டுப் பாத்துட்டு ஒண்ணுமே வாங்காம போயிட்டான்னு சொன்னீங்களே. எண்ணுனது நீங்க மட்டும் இல்ல, அவளும்தான். இருபத்தி மூணாவதுலயாவது இந்த ஆளு முகம் சுளிக்கிறாரான்னு பாத்தாளாம். நீங்க என்னடான்னா, பார்வை நல்லாத்தாம்மா இருக்கு, கண்ணாடி எதுக்கு, மனசு சரியில்லையா, டீ குடிக்கிறியான்னு கேட்டிருக்கீங்க. டீயைக் குடிச்சிட்டு நேரா இங்க வந்தா. செருப்பைக் கூடக் கழட்டல. வாசல்லயே நின்னுக்கிட்டு, அம்மா, இதுக்கு மேல நீ யாருக்காகக் காத்திருக்கேன்னு கேட்டா. போட்டோ காட்டுங்க, காட்டுங்கன்னு நீங்க கேட்டும் நான் ஏன் காட்டலன்னு இப்பப் புரியுதா?

ஆமாங்க. ஹெட் ஆபீஸ் சரின்னு சொல்லி மூணு வாரம் ஆச்சு. ஃபைல் என் மேஜையிலதான் கிடக்கு.

ஏன்னா... அவ அப்பாவுக்கும் நான்தான் ரத்தம் எடுத்தேன். கடைசிப் பதினாலு மாசம். வேற யாரையும் கிட்ட விடமாட்டார். ரிப்போர்ட்ல நம்பர் என்னன்னு டாக்டருக்கு முன்னாடி எனக்குத்தான் தெரியும். தெரிஞ்சு வச்சிக்கிட்டு, வீட்டுக்கு வந்து, சிரிச்ச முகமா டிபன் வைக்கணும். இன்னொரு ஆளோட நம்பரை அப்படிப் பாத்துக்கிட்டு நிக்க எனக்குத் தெம்பு இருக்கான்னு தெரியல. பயமா இருந்துச்சு. இப்பவும் இருக்கு. உங்களுக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கீங்க, ஆனாலும்.

ரெண்டு மாசமா உங்களுக்கு ஊசி போடறது பக்கத்து சீட்டுப் பொண்ணு. வலிக்குது, நீங்க ஏன் வர்றதில்லன்னு குறைப்பட்டீங்க. டியூட்டி மாத்திட்டாங்கன்னு சொன்னேன். யாரும் மாத்தல. நான்தான் அவகிட்ட கேட்டுக்கிட்டேன். இருபத்தெட்டு வருஷம் சர்வீஸ். பச்சைக் குழந்தை கையில கூட ஒரே குத்துல எடுத்துடுவேன். உங்க கையைப் பிடிச்சா மட்டும் எனக்குக் கை நடுங்குது.

அழாதீங்க. வெங்காயம் கூட நறுக்கல நாம. அந்த லென்ஸ் துணியாலயே துடைச்சுக்கோங்க, பரவால்ல, இன்னைக்கு ஒரு நாள்.

சரின்னுதான் சொல்றேன். ஆமா, பண்ணிக்கலாம். திரும்பச் சொல்ல மாட்டேன், காதுல விழுந்துச்சா?

பெல் அடிக்குது பாருங்க. இல்ல, நான் வரல, எனக்குத் தட்டு எடுத்து வைக்கணும். நீங்கதான் போகணும். சட்டையெல்லாம் நல்லாத்தான் இருக்கு, போங்க. யாருன்னு கேட்டுக்கிட்டு நிக்காதீங்க, வீட்டு ஆளா கதவைத் திறங்க.