வருகைப் பதிவேட்டில் நாற்பத்தொரு பெயர்கள்

என் பெயர் பாக்கியநாதன், தந்தை பெயர் சவரிமுத்து. வயது அறுபத்தேழு. கெலுகோரில் அடுக்குமாடி வீட்டில் மனைவி மார்த்தாவுடன் குடியிருக்கிறேன். இராணுவத்தில் இருபத்தொரு ஆண்டு இருந்து கார்ப்பரலாக ஓய்வு பெற்றவன். என்னை யாரும் அழைத்து வரவில்லை, நானாக இந்தப் போலீஸ் நிலையத்துக்கு வந்தேன். தமிழில் நான் சொல்வதை சார்ஜன் லோகேஸ்வரன் எழுதிக்கொள்கிறார்.

முன்னாள் படைவீரர் உதவி அலுவலகத்தில் வேலை செய்யும் சாந்தினி மீது, ஆகஸ்ட் மாத வருகைப் பதிவேட்டில் பொய்ப் பெயர்கள் எழுதியதாகப் புகார் கொடுத்து, அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எழுதியது அவர் இல்லை, நான். நாற்பத்தொரு பெயரும் கையெழுத்தும் என்னுடைய வேலை.

அந்த அலுவலகம் ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில், அரசு மானியத்தில் நடக்கிறது. முட்டி தேய்ந்தவனுக்கும் கால் போனவனுக்கும் உதவ வேண்டிய இடத்தை இருபத்தாறு படிக்கு மேலே வைத்த புத்திசாலி யார் என்று எனக்குத் தெரியாது. மாதம் அறுபது பேராவது வந்து கையெழுத்துப் போட வேண்டும், மூன்று மாதம் தொடர்ந்து குறைந்தால் மறு ஆண்டு மானியம் இல்லை என்பது விதி. படி ஏற முடியாதவர்களை சாந்தினி வீடு தேடிப் போய்ப் பார்ப்பார், ஆனால் அது கணக்கில் வராது. அதையும் சேர்க்கச் சொல்லி அவர் இரண்டு கடிதம் எழுதியும் பதில் வரவில்லை.

மே மாதம் அவருக்குத் துணையாக நானும் போனேன். ஃபெரியில் பட்டர்வொர்த் போய், அதன் பிறகு பஸ் பிடித்து சிம்பாங் அம்பாட்டில் தங்கராஜு வீட்டுக்குப் போனோம். கண்ணிவெடியில் கால் போனவர். படையிலிருந்து விடுவித்த பத்திரத்தைக் கரையான் தின்றுவிட்டதால், செயற்கைக் கால் கேட்ட அவருடைய மனுவை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தார்கள். சாந்தினிக்கு அது நான்காவது பயணம். தங்கராஜு கோபத்தில் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாந்தினி அங்கே கொடுத்த இனிப்புச் சிராப் தண்ணீரைக் குடித்துவிட்டு, எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, பக்கத்துக் கட்டிலில் யார் என்று இரண்டு மணி நேரம் கேட்டு எழுதினார். அதன் பிறகு அந்தப் பக்கத்துக் கட்டில்காரரை ஈப்போவில் கண்டுபிடித்துச் சாட்சிக் கடிதம் வாங்கினார். ஜூலையில் தங்கராஜுவுக்குச் செயற்கைக் கால் வந்தது. என் அதிகாரிகளில் நான் மனதாரச் சல்யூட் அடித்தவர்கள் சிலர்தான், இந்தப் பெண்ணை அவர்களோடு சேர்த்துவிட்டேன்.

ஆள் குறைந்து ஆகஸ்ட் மூன்றாவது மாதம். 30ஆம் தேதி வெள்ளிக்கிழமை சாந்தினி பட்டர்வொர்த் போனபோது, டெலிபோன் எடுக்க என்னை உட்கார வைத்தார். பதிவேட்டில் பத்தொன்பது பேர்தான் இருந்தார்கள். அவர் அந்த மாதம் வீட்டில் போய்ப் பார்த்தவர்களின் பட்டியல் சுவரில் இருந்தது. அதிலிருந்து நாற்பத்தொரு பேரை எடுத்து எழுதி அறுபது ஆக்கினேன். அடையாள அட்டை எண் கேட்கும் கட்டத்தில் இராணுவ எண்ணை எழுதினேன். என்னோடு இருந்தவர்களின் எண் மனப்பாடம், மற்றவர்களுக்குப் போன் போட்டேன். எண் என்ன என்றதும் எல்லாரும் இராணுவ எண்ணைத்தான் சொன்னார்கள். அவர்களுக்கும் எனக்கும் வேறு எண் ஞாபகத்துக்கே வரவில்லை. பன்னிரண்டு இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு இருந்ததைப் பார்த்துத்தான் தணிக்கை அதிகாரி பிடித்தார்.

செப்டம்பர் 20ஆம் தேதி நான் போனபோது அலுவலகம் பூட்டியிருந்தது. போனில் கேட்டதும் சாந்தினி விஷயத்தைச் சொன்னார். நான்தான் எழுதினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு நாள் பயந்து வீட்டில் கிடந்தேன், இதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அதன் பிறகு நேற்று அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன்.

அவர், “ஆபீஸ் மூடுனா இன்னொரு வாசல்ல போய் நின்னு கேட்டிருப்பேன் அங்கிள். இப்ப நான் எழுதுன உண்மையான பேப்பரையும் நம்ப மாட்டாங்களே” என்றார். அடி வாங்கியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. காலையில் நிலையத்துக்குப் போய் ஒப்புக்கொள்கிறேன் என்றேன். அவர் உள்ளே போய் ஒரு விண்ணப்பப் பாரத்தையும் பேனாவையும் எடுத்து வந்தார்.

“கேஸ் ஆச்சுன்னா உங்க பென்சன்ல கை வைப்பாங்களான்னு தெரியல, கேட்டுப் பாக்குறேன். ஆன்ட்டியோட மருந்து கார்டு உங்க பேர்லதான இருக்கு? அதை மொதல்ல பாத்துருவோம். உக்காருங்க” என்றார். மேசை இல்லாததால் முழங்காலில் வைத்தே எழுதினார். நான் அழுதேன்.

எழுதியதை சார்ஜன் எனக்கு வாசித்துக் காட்டினார். இதில் உள்ளது அனைத்தும் நடந்தபடியே உள்ளது. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், சுயநினைவோடு கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ச. பாக்கியநாதன்
24.9.2024