ஆளிருக்கும் வீடு

வீட்டு இன்சூரன்ஸ் பத்திரத்தை முழுதாகப் படிப்பவர்கள் குறைவு. முதல் பக்கத்தைப் பார்ப்பார்கள், கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவார்கள், இழுப்பறையில் போட்டு மறந்துவிடுவார்கள். நான் அப்படியில்லை. இந்த ஹாரோகேட் ஊரில் ஆயுள் முழுக்கப் பல் மருத்துவனாக இருந்தவன். பிறர் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டு மூலைமுடுக்கெல்லாம் பார்ப்பதே என் தொழில். பத்திரத்தையும் அப்படித்தான் பார்த்தேன்.

இன்ஸ்பெக்டர், என் மனைவி உள்ளே இருக்கும்போது கதவு ஏன் வெளியிலிருந்து பூட்டியிருந்தது என்று கேட்டீர்கள். அதற்கு ஒரே வரியில் பதில் சொல்லலாம். ஆனால் அப்படிச் சொன்னால் நான் கெட்டவன் என்று தோன்றும். அதனால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

எனக்குக் கைக்கடிகாரங்கள் மேல் ஆசை வந்ததே என் மனைவி பெரிலால்தான். நான் சொந்தமாக மருத்துவமனை தொடங்கிய வருடம் ஜெனீவாவுக்குப் போயிருந்தோம். ஒரு கடை வாசலில் என்னை நிறுத்தி, தாள் போல மெல்லிய தங்கக் கடிகாரம் ஒன்றைக் காட்டினாள். "நாள் பூரா அடுத்தவங்க வாயையே பாக்கறே. நடுவுல பாக்கறதுக்கு உனக்கும் ஒண்ணு அழகா வேணாமா?" என்றாள். அதன்பின் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. மாடியில் என் படிப்பறையில் கண்ணாடி அலமாரி ஒன்று செய்து வரிசையாக வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் சாவி கொடுப்போம். அவள் காதோடு வைத்துக் கேட்டுவிட்டு எனக்கு நீட்டுவாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

நான் ஓய்வு பெற்ற சமயம், கோல்ஃப் கிளப்பில் என்னோடு ஆடும் வக்கீல் ஒருவர் வீட்டில் திருடு போனது. போனது அவருடைய தாத்தா காலத்துக் கைக்கடிகாரம். கம்பெனி கொடுத்த நஷ்டஈட்டில் அதன் வார்கூட வாங்க முடியாது என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். சாதாரண வீட்டு பாலிசியில் எந்த ஒரு பொருளுக்கும் ஒரு வரம்பு உண்டு. கடிகாரங்களை நகைநட்டோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவார்கள். தனித்தனியாகப் பெயர் சொல்லிப் பதிந்தால்தான் முழு மதிப்பும் கிடைக்கும். அன்று வீட்டுக்கு வந்ததும் எங்கள் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். எங்களுடையதும் அதே சாதாரண பாலிசிதான். கொஞ்ச நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஊரில் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருக்கும் நெஸ்பிட்டைப் போய்ப் பார்த்தேன். பொறுமையான மனிதர். மூன்று கம்பெனிகளின் பாலிசிகளை எடுத்து விரித்தார். ஒன்றில் கடிகாரங்கள் வங்கி லாக்கரில் இருக்க வேண்டும், கையில் கட்டிய ஒன்று மட்டும் வெளியே இருக்கலாம். இன்னொன்றில் வீட்டிலேயே வைக்கலாம், ஆனால் கனமான இரும்புப் பெட்டகம் வேண்டும். எங்கள் வீட்டு மாடித் தளம் பழைய மரம், அந்தப் பாரத்தைத் தாங்காது. கீழே வைக்கலாமென்றால் சுவரெல்லாம் ஈரம். மூன்றாவதில் அலமாரியில் உள்ளபடியே வைக்கலாம். அதற்கு நிபந்தனைகள் இருந்தன. வெளிக்கதவுகளுக்கும் ஜன்னல்களுக்கும் சாவிப் பூட்டு, அலாரம், படிப்பறைக்குத் தனிப் பூட்டு. கடைசியாக, எந்த ராத்திரியிலும் வீட்டில் பெரியவர் ஒருவராவது இருக்க வேண்டும்.

"லாக்கர்ல வெச்சிடுங்க டாக்டர். நிம்மதியா இருக்கலாம்," என்றார் நெஸ்பிட்.

பெரிலும் அதையேதான் சொன்னாள். அப்பப்போ போய்ப் பார்த்துவிட்டு, வருகிற வழியில் டீ குடிக்கலாம் என்றாள். "என்னைக் கொண்டுபோய் லாக்கர்ல வைக்கச் சொல்லலியே, அது வரைக்கும் சந்தோஷம்," என்று சிரித்தாள். ஆனால் இருட்டுப் பெட்டிக்குள் ஒவ்வொன்றாக நின்றுபோகும் கடிகாரங்களை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது. மூன்றாவதையே எடுத்தேன்.

கையெழுத்துப் போடும்போது நெஸ்பிட் தடுத்தார். "ஒரு ராத்திரி கூட வீடு காலியா இருக்கக் கூடாது டாக்டர். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து எங்கயும் போக முடியாது."

"பெரில் வீட்லதான் இருப்பா," என்றேன். அவளைக் கேட்காமல் சொன்னேன் என்பது உண்மை.

பெரிலின் அக்கா மோட், விட்பியில் கடலைப் பார்த்த வீட்டில் இருக்கிறாள். கோடை வந்தால் பெரில் அங்கே போய்த் தங்குவது வழக்கம். அந்த வருடம் எனக்கு அதே சமயத்தில் ஜெனீவாவில் ஒரு ஏலம் இருந்தது. போகக் கூடாது என்று அவளிடம் நான் சொல்லவில்லை. பத்திரத்தில் அந்த நிபந்தனை இருந்த பக்கத்தைத் திறந்து வாசித்துக் காட்டினேன், அவ்வளவுதான். முதல் வருடம் அவள் அதைத் தமாஷாக எடுத்துக்கொண்டாள். "நான் இப்ப இங்க காவக்காரி. சம்பளம்தான் எப்பன்னு தெரியல," என்று தொலைபேசியில் அக்காவிடம் சொல்வது எனக்குக் கேட்டது. அடுத்த வருடம் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கடுத்த வருடம் பெட்டியை எடுத்துத் தூசி தட்டிவிட்டு மறுபடியும் பரணில் வைத்தாள். கணவன் மனைவிக்குள் இப்படி விட்டுக்கொடுப்பதெல்லாம் இருக்கும்தானே.

பிறகு அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. மருத்துவமனையில் பல வாரம் இருந்தாள். அத்தனை நாளும் நான் வீட்டில் அடைந்து கிடந்தேன். சில மாதமாவது நடக்கவும் பேசவும் பழக்கும் பயிற்சி இல்லத்தில் இருக்கட்டும் என்றார்கள் டாக்டர்கள். நானும் மருத்துவம் படித்தவன்தான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு அழைத்து வந்துவிட்டேன். கூடத்தில் அவளுக்கு ஒரு கட்டில் போட்டோம்.

ஒரு நர்ஸ் வந்து போனாள். நல்ல பெண். பெரிலின் தலையை வாரிவிட்டுக்கொண்டே பாடுவாள், பெரிலும் அரை வாயால் கூடப் பாடுவாள். ஆனால் பத்திரத்தில் ஒன்று எழுதியிருந்தது. நாமாகவே வீட்டுக்குள் அனுமதித்த ஆள் திருடினால் பாலிசி செல்லாது. அவள் திருடுவாள் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்பதற்காக அபாயம் இல்லாமல் போய்விடாது. கிறிஸ்துமஸுக்கு முன்பே அவளை நிறுத்திவிட்டேன். அன்று பெரில் அழுதாள். அவள் முகத்தில் ஒரு பாதிதான் அழும்.

வசந்த காலத்தில் மோட் காரோடு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"இவளை நான் கூட்டிட்டுப் போறேன் காட்ஃப்ரி. கீழ் ரூமை ஒழிச்சு வெச்சிருக்கேன். ஜன்னலைத் திறந்தா கடல்."

"அவளுக்கு இந்த வீடுதான் பழக்கம்."

"அதை அவகிட்ட கேட்டியா?"

நாங்கள் இருவரும் பெரிலைப் பார்த்தோம். அவள் உதட்டைச் சேர்க்க மிகவும் பாடுபட்டாள். "கட..." என்றாள். மறுபடியும், "கட..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை.

"கட்டில்ல படுக்கணும்கறா. களைச்சுட்டா," என்றேன்.

கூடவே இருப்பவனுக்குத்தானே அவள் பேச்சு புரியும் என்று மோட் நம்பிவிட்டாள். தங்கையின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனாள். பெரில் கடல் என்றுதான் சொன்னாள். அது எனக்கு அப்போதே தெரியும்.

அதன்பிறகு பெரில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசல் வரை போகப் பழகினாள். கதவைத் திறந்து படியில் நிற்பாள். தெருவில் போகிற யாரையாவது பார்த்துக் கையை நீட்டுவாள். இரண்டு முறை கதவு திறந்தபடி கிடந்ததை நான் கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தேன். கதவு திறந்திருந்தால் பாலிசி இல்லை. அதனால் வெளியே போகும்போது பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தேன். ஜன்னல் சாவிகளும் என்னிடம்தான் இருந்தன. தொலைபேசியைக் கூடத்திலிருந்து படிப்பறைக்கு மாற்றினேன். அவள் மோட்டைக் கூப்பிட்டுவிட்டு ஒன்றும் பேசவராமல் அழுதுகொண்டே இருப்பாள், அது இரண்டு பேருக்குமே கஷ்டம். படிப்பறையைப் பூட்டி வைக்க வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள நிபந்தனை.

நவம்பரில் ஜெனீவாவில் மறுபடி ஏலம். நீல முகப்பு வைத்த ஒரு கடிகாரம், அது வெளியே வருவதற்காக வருடக்கணக்காகக் காத்திருந்தேன். இரண்டு ராத்திரிதான் திட்டம். கட்டில் பக்கத்தில் ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம், இரண்டு பிளாஸ்க் நிறையத் தேநீர், தண்ணீர் எல்லாம் எட்டும்படி வைத்தேன். வீட்டை நன்றாகச் சூடுபடுத்தினேன். பழைய நர்ஸ் வந்து பார்த்துக்கொள்வாள் என்று மோட்டிடம் சொன்னேன். அது பொய். கிளம்பும்போது பெரில் என் கோட்டுப் பையைப் பிடித்துக்கொண்டாள். "சாவி," என்றாள். இதைத் தெளிவாகச் சொன்னாள். பல நாளாகத் தனியே சொல்லிப் பழகியிருக்க வேண்டும்.

"ஒண்ணும் ஆகாது. சீக்கிரம் வந்துடுவேன்," என்று விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

திரும்பி வரும் விமானம் ரத்தாகிவிட்டது என்று மோட் நம்பிக்கொண்டிருக்கிறாள். நான்தான் அப்படிச் சொன்னேன். ரத்தாகவில்லை. அந்த நீலக் கடிகாரத்தை அடுத்த வார ஏலத்துக்கு ஒத்திப்போட்டார்கள், நான் தங்கிவிட்டேன். ஏரிக்கரையில் நடந்தேன். மீன் சாப்பிட்டேன். அவளை நினைக்கவே இல்லை என்று சொல்லமாட்டேன். தினமும் ஹோட்டலிலிருந்து வீட்டுக்குத் தொலைபேசி செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருக்கும். பூட்டிய அறைக்குள் அடிக்கிறது, அவளால் எடுக்க முடியாது என்று தெரிந்துதான் செய்தேன். நான் கூப்பிடுகிறேன் என்றாவது அவளுக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன்.

எதிர்வீட்டு ஆக்டன் உங்களிடம் சொன்னதைப் படித்தேன். பெரில் ஜன்னலருகே நின்று கண்ணாடியில் கையை வைத்து அசைத்தாளாம். "கை ஆட்றாங்கன்னு நெனச்சு நானும் ஆட்டினேன். மறுநாளும் ஆட்டினாங்க, நானும் ஆட்டினேன்," என்று சொல்லி அழுதாராம். பாவம், வயதான மனிதர். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை என்று தயவுசெய்து அவரிடம் சொல்லுங்கள். மூன்றாம் நாளிலிருந்து ஜன்னலில் அவளைக் காணவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். ஜன்னல் பூட்டில் கரண்டியால் நெம்பிய கீறல்கள் இருந்தன. அவள் விழுந்த பிறகும் சில நாள் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று உங்கள் மருத்துவர் எழுதியிருக்கிறார். அதை ஒருமுறைக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

நான் வந்து கதவைத் திறந்தபோது அவள் ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் தரையில் கிடந்தாள். மருத்துவனுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். அவளைச் சுற்றிக்கொண்டு மாடிக்குப் போனேன். படிப்பறை பூட்டியபடி இருந்தது. அலமாரியில் எல்லாம் சரியாக இருந்தன, ஆனால் எல்லாமே நின்றுபோயிருந்தன. அங்கேயே உட்கார்ந்து நெஸ்பிட்டுக்குத் தொலைபேசி செய்தேன்.

"ஒரு சந்தேகம். வீட்ல இருக்கற ஆள் இறந்துபோயிட்டா, அதுக்கப்புறம் வர்ற ராத்திரியெல்லாம் வீடு காலின்னு கணக்கா?"

அவர் மெதுவாக, "யார் டாக்டர் இறந்தது?" என்றார்.

"பெரில்."

"எப்ப?"

"அதுதான் தெரியல. அதனாலதான் கேக்கறேன்."

"ஆம்புலன்ஸைக் கூப்பிட்டீங்களா?"

"உங்களைத்தான் முதல்ல கூப்பிட்டேன்."

நெஸ்பிட் தொலைபேசியை வைத்துவிட்டார். அவர்தான் உங்களை அனுப்பினார். அதற்காக அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. நீங்கள் வரும்வரை ஒவ்வொரு கடிகாரமாக எடுத்துச் சாவி கொடுத்தேன். காதோடு வைத்துக் கேட்டுவிட்டுப் பக்கத்தில் நீட்டியிருக்கிறேன். நீட்டிய பிறகுதான் வாங்க ஆளில்லை என்று உறைத்தது. அன்று அழுதது அப்போது மட்டும்தான்.

ஆகவே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தெரிந்துதான் பூட்டினேன். அவள் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காகவே பூட்டினேன். உணவு தீர்ந்திருக்கும், தண்ணீர் தீர்ந்திருக்கும் என்று தெரிந்துதான் ஜெனீவாவில் தங்கினேன். வீட்டில் ஒரு ஆள் இருக்க வேண்டும், அவள் இருந்தாள். நீங்கள் எழுதிக்கொள்ளலாம், கையெழுத்துப் போடுகிறேன். எப்போதும்போல முழுதாகப் படித்துவிட்டுத்தான் போடுவேன்.

நேற்று நீங்கள் கேட்ட இன்னொன்றும் பாக்கியிருக்கிறது. மனைவி பேரில் ஏதாவது இன்சூரன்ஸ் எடுத்திருந்தீர்களா என்று கேட்டீர்கள். இல்லை இன்ஸ்பெக்டர், பெரில் பேரில் ஒன்றுகூட இல்லை. அவள் இறந்ததால் எனக்கு ஒரு லாபமும் கிடையாது, விசாரித்துப் பாருங்கள். கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்த பொருளுக்குத்தானே இன்சூரன்ஸ் எடுப்போம். பெரில் எங்கே போய்விடப் போகிறாள்.