வளைவில் பிடித்த படம்

தேநீர் நன்றாக இருந்தது, இன்ஸ்பெக்டர் ஐயா. சீனிதான் கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை.

நான் வீரய்யா. புசல்லாவை ரோட்டில், ஒரு முட்டு வளைவில் டயர் ஒட்டும் கடை வைத்திருக்கிறேன். எதிரே வருவது டிரைவர்களுக்குத் தெரியாது. என் கடை வாசலில் நின்றால் இரண்டு பக்கமும் தெரியும். நான் கை காட்டினால் முந்துவார்கள், மறித்தால் நிற்பார்கள். இருபது வருசப் பழக்கம்.

போன வருசம் கணேஸ் என்ற டிரைவர் ஓட்டிய பஸ் வெள்ளைக் கோட்டைத் தாண்டி வந்து என் மகள் கிருஷாந்தியை அடித்துக் கொன்றுபோட்டது. அன்றைக்கென்று நான் கண்டிக்குப் போயிருந்தேன். கோட்டைத் தாண்டவே இல்லை என்று அவன் சாதித்தான். "படம் ஏதும் இருக்கா?" என்று பொலிசில் கேட்டார்கள். இல்லை. அவனை விட்டுவிட்டார்கள். எட்டாம் நாள் வீட்டுக்கு வந்து, "அண்ணே, மன்னிச்சிருங்க" என்று அழுதான். "விடுப்பா, விதி" என்றேன்.

அதற்குப் பிறகுதான் இந்த போனை வாங்கினேன். பழைய டியூபைக் கீறி, கடை ஜன்னல் கம்பியில் கட்டிவைத்தேன். அவன் கோட்டைத் தாண்டிய பதினொரு வீடியோப் படங்களைப் பொலிசுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும் அபராதம்தான்.

"மறுபடியும் அதே பஸ்ஸ ஓட்டிக்கிட்டு வர்றானே! நம்ம புள்ளைக்கு ஞாயமே கெடைக்காதா?" என்று என் மனைவி சந்திரிகா தலையில் அடித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை கணேஸ் ஒரு மரக்கறி லொறிக்குப் பின்னால் ஊர்ந்து வந்தான். வழக்கம்போல என்னைப் பார்த்தான். மேலேயிருந்து ஓர் ஆட்டோ இறங்குவது எனக்குத் தெரிந்தது. வெறும் கோட்டைத் தாண்டினால் அபராதம் மட்டும்தானே, ஐயா. நான் வரச்சொல்லிக் கை காட்டினேன். அவன் நன்றிக்கு இரண்டு தடவை ஹோர்ன் அடித்துவிட்டு முந்தினான்.

ஆட்டோவில் அடிபட்டுச் செத்த பிள்ளையின் பெயர் சுகிர்தாவாம். டியூசனுக்குப் போனவளாம். ஆஸ்பத்திரி வாசலில் அவளுடைய அப்பா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க படம் புடிச்சதால எங்க புள்ளைக்காவது ஞாயம் கெடைக்கும்ண்ணே" என்றார். நானும் அழுதேன். பொய்யழுகை இல்லை.

கணேஸ் உங்களிடம் சொன்னது உண்மைதான். தெரிந்துதான் கை காட்டினேன். ஆனாலும் படத்தை இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள், ஐயா. கோட்டைத் தாண்டியது அவன்தான். என் கை அதில் எங்குமே இல்லை.