ஆறு கோடும் அப்பா சுருதியும்

— நிறுத்துக்கா, நிறுத்து, நீ வாசிக்கிறது...

— தாள்ல இருக்கிறதைத்தானடா வாசிக்கிறேன்! மேல் கோட்டுல மூணுன்னு எழுதியிருக்கே, கிடாரோட மேல் தந்தியில மூணாவது கட்டத்தை...

— தலைகீழாப் போறே! விரலைப் பாரு, தடிச்ச தந்தி மேல உக்காந்திருக்கு.

— மேல் கோடுன்னா மேல் தந்தி. இதுல என்னடா தலைகீழு? குனிஞ்சு பார்த்தா என் மூக்குக்குக் கீழ இருக்கிறது தடிச்சதுதான்.

— தாள்ல மேல் கோடு மெல்லிசுத் தந்தி. தரைப்பக்கம் இருக்கே, அது.

— எந்த மடப்பயல் கண்டுபிடிச்ச வழக்கம் இது, ஹிலாரியோ?

— கோவிச்சுக்காதே. கிடாரை மடியில மல்லாத்திப் போடு. போட்டியா? உனக்கு எட்டத்துல கிடக்கிறது எது?

— மெல்லிசு.

— அதான் விஷயம். தாளை முன்னால விரிச்சா எட்டத்துல இருக்கிறதுதானே மேல வரும்?

— இதை முதல்லயே சொல்லக் கூடாதா? சந்தையில ரொட்டி விக்கிறவளுக்கு இப்படி மல்லாத்திப் போட்டுக் காட்டினாத்தான் ஏறும்.

— சரி, இப்ப நீ எழுது. பாட்டோட முதல் அடி. ஆறு கோடு இழு. எந்தத் தந்தியோ அந்தக் கோடு, எந்தக் கட்டமோ அந்த எண்ணு. அவ்வளவுதான்.

— விரலே வைக்காம சும்மா மீட்டுற இடத்துக்கு?

— முட்டை போடு.

— பள்ளிக்கூடத்துல வாங்கினதெல்லாம் இப்பத்தான் உதவுது. இந்தா, பாரு. முட்டை, ரெண்டு, மூணு, மறுபடியும் முட்டை.

— நெமேசியா அக்கா, உன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு. ஆனா தப்பில்லை.

— மாதாவே, வெளியில ஒரே கூத்து. சாத்திடட்டுமா?

— எதை?

— ஜன்னலைத்தான்.

— முகத்தைக் காட்டிப் பேசு. அங்க போய் நின்னுக்கிட்டு என்னமோ முணுமுணுக்கிறே.

— முணுமுணுக்கிறேனா? கத்துறேன்டா! கார்னிவல் மேளக்காரனுங்க நம்ம வாசல்லயே நின்னு அடிக்கிறானுங்க.

— ஓ, அதுவா. அடிக்கட்டும். காத்து வருதுல்ல.

— காத்தா? போன வருஷம் இதே மேளத்துக்கு வாளித் தண்ணியைக் கொட்டி விரட்டினவன் நீ.

— வயசாகுதுக்கா. பொறுமை வந்திருச்சு.

— உனக்கா? சரி, எனக்கு ஒண்ணு சொல்லு. இத்தனை வருஷமா காது இல்லாதவனுக்குத்தான் காகிதம்னு அயாகுச்சோ ஊர் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சே. அப்பா பாட்டைத் தாள்ல எழுதித் தரச் சொல்லிப் பள்ளிக்கூட வாத்தியார் வந்து கேட்டதுக்குக் கதவைச் சாத்தினே. இப்ப நீயே உக்காந்து எழுதுறே. அத்தனை பாட்டையும். ஏன்?

— விரல் வீங்கியிருக்கு. ஞாயித்துக்கிழமை கார்னிவல் ஊர்வலத்துல என்னால வாசிக்க முடியாது. தெருக்காரங்ககிட்டயும் சொல்லிட்டேன், நீ வாசிப்பேன்னு.

— எங்க, காட்டு. வீக்கத்தையே காணோம்.

— உள்வீக்கம்.

— நேத்து சோளக்கள்ளுப் பானையைத் தூக்கி வச்சது எந்த விரலு?

— அக்கா, விரலை விடு. ஊர்வலத்துல முதல் தந்தி நம்ம வீட்டுக் கையில இருந்துதான் கிளம்பணும். அப்பா காலத்துல இருந்து அப்படித்தான். நாம நின்னுட்டா ஆத்தங்கரைத் தெருக்காரனுங்க முன்னால போயிடுவானுங்க. அடுத்த வருஷமும் அவனுங்கதான். அவ்வளவுதான்.

— ஊரை விட்டுப் போறியாடா? லிமாவுக்கு, உன் மகன்கிட்ட? போறவன்தான் எல்லாத்தையும் எழுதி வச்சுட்டுப் போவான்.

— எங்கயும் போகலை. அழுவுறியா என்ன?

— வெங்காயம் உரிச்ச கை. கண்ணுல பட்டுருச்சு.

— சரி, முழுசா ஒரு தடவை வாசி. முதல்ல சுருதியை மாத்து. இது மாதா கோயில்ல வாசிக்கிற சாதாரண சுருதிதானே? தாளோட தலையில எழுதியிருக்கேன் பாரு, அப்பா சுருதின்னு. ரெண்டு தந்தியை இறக்கணும்.

— நீ மாத்திக் குடு. எப்பவும் நீதானே செய்வே?

— இனிமே நீ செய். நான் போய்த் தண்ணி குடிச்சுட்டு வர்றேன்.

— டேய், இரு...

— ...ம், வந்துட்டேன். மாத்தியாச்சா?

— ஆச்சு.

— வாசி. நான் கிடார் மரத்து மேல கையை வச்சுக்கறேன், தாளம் தப்பாம பாத்துக்கறதுக்கு.

— இதோ.

— ம்... ம்... சுண்டுவிரலைத் தூக்கு... அதான்... இறங்கு, இறங்கு... அக்கா! ஒரு விரல் தப்பலை!

— எப்படி இருந்துச்சு?

— தேன்!

— நிஜமாவா?

— அப்பா எழுந்து வந்து வாசிச்ச மாதிரி. அதான் விஷயம். எழுதி வச்சா அழியாது.

— போன கார்னிவல்ல கிடார் வாசிச்சுக்கிட்டிருந்த எஸ்டனிஸ்லாவ் மேல தொப்பியை எறிஞ்சியே, எதுக்கு?

— அவன் தந்தி ஒரு நூல் இறங்கிக் கிடந்துச்சு. காது கூசிப்போச்சு.

— என்னுது?

— உன்னுது சுத்தம்.

— ஒரு குறையும் இல்லையா?

— நான் குறை சொல்லாம விட்டிருக்கேனா எப்பவாவது? பசிக்குது. ரொட்டி இருக்கா?

— இருக்கு. எடுத்துட்டு வர்றேன்.

— பாலாடைக்கட்டி இருந்தா அதையும் கொண்டு வா. இந்த மேளத்துக்கு ஜன்னலைச் சாத்தணும்னா சாத்திக்கோ.

— மேளக்காரனுங்க அப்பவே போயாச்சுடா, ஹிலாரியோ. நீ தண்ணி குடிக்கப் போனப்ப நான் ஒரு முறுக்காணியையும் தொடலை, பழைய சுருதி அப்படியேதான் இருக்கு. விரல் பூராவும் சரி, சத்தம் பூராவும் நாராசம். அப்பா இருந்திருந்தா கிடாரைப் பிடுங்கியிருப்பாரு. உனக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் இதையெல்லாம் சொல்றேன், தம்பி. கேக்குதாடா?