பின்னாலேயே வர வேண்டிய கார்

தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஆடி மாதத் திங்கட்கிழமைக் காலை. திருமுல்லைவாயிலில் ரயில் ஏறிய கார் டிரைவர் ஒருவர் கூட வந்த நண்பரிடம் சொன்னார்:

“மொதலாளி இங்கிலாந்துலேர்ந்து ஸ்போர்ட்ஸ் கார் இறக்கிகீறாரு மாமே. மணிக்கு இருநூத்தம்பது கிலோமீட்டர் போவுமாம்.”

“உனுக்கு இன்னா, ஜாலிதான்!”

“ரெண்டே சீட்டு. அவரே ஓட்டுவாராம். பொட்டியெல்லாம் பழைய கார்ல ஏத்திகினு நான் பின்னாலயே வரணுமாம். பிந்தினா வேலை காலியாம்.”

“பயப்படாத. அது தரையோட தரையா கீற வண்டி. பூந்தமல்லி ரோட்டுப் பள்ளத்துல உருட்டிகினுதான் போவணும். நீயே முந்திடுவே.”

“முந்தினா சும்மா வுடுவாரா? அன்னிக்கே ஊட்டுக்கு அனுப்பிடுவாரு. அப்போ நான் இன்னா ஸ்பீடுலதான் போறது, மாமே?”